லிங்க்ட்இன்னில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன், ஒரு ரெக்ரூட்டர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கே கோளாறு?

தகடூரான்:
வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருடமாகத் தரக்கட்டுப்பாடு. மனைவிக்குத் தாம்பரத்தில் வேலை என்பதால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாற நினைக்கிறேன். கூட வேலை பார்த்த இருவருக்கு லிங்க்ட்இன் வழியாகவே அழைப்பு வந்தது. எனக்கு இன்சூரன்ஸ் விற்பவர்கள் மட்டும்தான் வருகிறார்கள்.

இப்போது இருப்பது இதுதான். ஹெட்லைன் (பெயருக்குக் கீழே வரும் வரி): சீனியர் அசோசியேட், கிரேடு 2. ஊர்: தருமபுரி. அபவுட் பகுதி: கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவன், சவாலான பணியைத் தேடுபவன். ஸ்கில்ஸ்: எம்எஸ் ஆபீஸ், லீடர்ஷிப், டீம் ஒர்க். படம் கல்யாணத்தில் எடுத்தது, மாலையை வெட்டிவிட்டேன்.

லிங்க்ட்இன்னின் கட்டணச் சேவையான பிரீமியம் வாங்கலாமா? வேலை தேடுகிறேன் என்று படத்தைச் சுற்றிக் காட்டும் பச்சை வளையம் போடலாமா? மேனேஜரும் என் கனெக்‌ஷனில் இருக்கிறார், அதுதான் பயம்.

ஒரகடத்து ஒருவன்:
தினம் ஒரு போஸ்ட் போடுங்க ப்ரோ. நாலு பேர் கண்ணில் பட்டால் தானாக வரும்.

ஆள்தேடி:
உதிரிபாகக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. போஸ்ட் போடுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் இரண்டு எண்களைச் சொல்லுங்கள். உங்கள் புரொஃபைலில் அனலிடிக்ஸ் என்ற பகுதி உங்களுக்கு மட்டும் தெரியும். அதில் தேடலில் எத்தனை முறை வந்தீர்கள், எத்தனை பேர் புரொஃபைலைத் திறந்தார்கள் என்று இருக்கும்.

தகடூரான்:
தேடலில் வந்தது 4. திறந்தவர்கள் 2. அந்த இரண்டு பேரும் எங்கள் கேன்டீனில் எதிரே உட்காருபவர்கள்.

ஆள்தேடி:
அப்படியானால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. தேடலில் வந்தும் யாரும் திறக்கவில்லை என்றால் ஹெட்லைனையும் படத்தையும் குறை சொல்லலாம். திறந்தும் மெசேஜ் வரவில்லை என்றால் அனுபவப் பகுதியில் பிரச்சினை. நீங்கள் தேடலிலேயே வரவில்லை. புரொஃபைலில் சரியான சொற்கள் இல்லை, அவ்வளவுதான்.

நான் எப்படித் தேடுகிறேன் என்று சொல்கிறேன். கம்பெனி "சிஎம்எம் (பாகங்களை அளக்கும் மெஷின்) தெரிந்த, பிபிஏபி (புது பாகத்துக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் ஃபைல்) செய்த குவாலிட்டி இன்ஜினியர், சென்னை" என்று கேட்கும். பதவி, ஊர், ஸ்கில் மூன்றையும் வடிகட்டியில் போடுவேன். உங்களிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. "சீனியர் அசோசியேட், கிரேடு 2" என்பது உங்கள் சம்பளச் சீட்டுக்கான பெயர். அந்தப் பெயரில் பேங்கிலும் ஆள் இருக்கிறார்கள், கால் சென்டரிலும் இருக்கிறார்கள். ஊர் தருமபுரி என்று இருந்தால் சென்னை வடிகட்டியிலேயே விழுந்துவிடுவீர்கள். லீடர்ஷிப் என்று தேடி நான் ஒருவரையும் எடுத்ததில்லை.

ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. உண்மையில் என்ன வேலை செய்கிறீர்களோ அதை வெளியுலகம் சொல்லும் பெயரில் எழுதுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தேடுகிறவர்கள் அதில்தான் தேடுகிறார்கள். அபவுட்டில் 2,600 எழுத்து வரை போகலாம், ஆனால் முதல் இரண்டு மூன்று வரிதான் திறக்காமலே தெரியும். "கடின உழைப்பாளி"யை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

பச்சை வளையம் வேண்டாம். ஓப்பன் டு ஒர்க்கில் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. விரும்பும் ஊர் கேட்கும் இடத்தில் சென்னையைச் சேர்க்கலாம். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து அதை லிங்க்ட்இன் மறைக்கப் பார்க்கும், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன் செட்டிங்ஸில் புரொஃபைல் மாற்றங்களை நெட்வொர்க்குக்குத் தெரிவிப்பதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மேனேஜருக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்லி அறிவிப்பு போகலாம்!

பிரீமியம் இப்போது வேண்டாம். காலிப் பானைக்கு எதற்குத் தங்க மூடி?

பழைய லேத்:
தம்பி, ஆறு வருடத்தில் என்னென்ன செய்தாய் என்று இங்கே ஒரு முறை பேச்சாகவே எழுது. புரொஃபைல் அதிலிருந்துதான் வரும்.

தகடூரான்:
அண்ணே, காலையில் முதல் பீஸ் அப்ரூவல். சிஎம்எம் ரிப்போர்ட். புது பாகம் வந்தால் பிபிஏபி ஃபைல் மொத்தமும் நான்தான் தயார் செய்வேன். கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தால் 8டி, அதாவது காரணமும் தீர்வும் சொல்லும் ரிப்போர்ட், எழுதுவேன். ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரநிலை) ஆடிட் வந்தால் கேஜ் காலிப்ரேஷன் (அளவுக் கருவிச் சரிபார்ப்பு) ரெக்கார்டோடு நிற்பவனும் நான்தான். போன வருடம் ஒரு ஹவுசிங்கில் போர் (உள்துளை) அளவு தள்ளிப்போய் மாதம் நாற்பது ஐம்பது பீஸ் ரிஜெக்ட் ஆனது. பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர் கிளாம்ப்தான் காரணம் என்று கண்டுபிடித்து மாற்றினோம், அஞ்சாறுக்கு இறங்கிவிட்டது.

பழைய லேத்:
இவ்வளவையும் வைத்துக்கொண்டா "சவாலான பணியைத் தேடுபவன்" என்று எழுதினாய்? அந்த ஹவுசிங் கதையை அப்படியே போடு. என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தாய், எவ்வளவு குறைந்தது. ஆனால் கஸ்டமர் பெயர், பார்ட் நம்பர், டிராயிங் எதுவும் வேண்டாம். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாய். "நாங்கள்" செய்ததை "நான்" என்று மாற்றாதே. இன்டர்வியூவில் கிளாம்ப் பிரஷர் எவ்வளவு என்று கேட்பார்கள்.

தகடூரான்:
ஹெட்லைன் இப்படி மாற்றலாமா: "குவாலிட்டி ப்ரொஃபஷனல், பர்ஃபெக்‌ஷனில் பேரார்வம் கொண்டவன்"?

ஆள்தேடி:
வேண்டாம் தம்பி. "குவாலிட்டி இன்ஜினியர், மெஷினிங் பாகங்கள், சிஎம்எம், பிபிஏபி, 8டி, ஐஏடிஎஃப் 16949." போதும். அனுபவப் பகுதியில் பதவிக்கு உங்கள் கம்பெனி கொடுத்த பெயரையே வைத்து, பக்கத்தில் குவாலிட்டி இன்ஜினியரிங் என்று சேருங்கள். சரிபார்ப்பில் ஆஃபர் லெட்டரோடு முரண்படக் கூடாது. படமும் மாற்றுங்கள். மாலை போனாலும் பட்டு வேட்டி தெரியும்.

தகடூரான்:
மூன்று வாரம் ஆயிற்று. தேடலில் வந்தது 4 இலிருந்து 37. இரண்டு மெசேஜ். ஒன்றில் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் அனுப்பினால் இன்டர்வியூ என்றார்கள். இன்னொன்று ஒரகடம். போனில் நன்றாகப் பேசினார், நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றதும் குரல் இறங்கிவிட்டது.

ஆள்தேடி:
முதலாவதை பிளாக் செய்து ரிப்போர்ட் செய்யுங்கள். ஆள் எடுப்பவர்களுக்குப் பணம் கொடுப்பது கம்பெனிதான், வேலை கேட்பவர் அல்ல. ஒரகடக்காரருக்குக் குரல் இறங்கியது இயல்பு, எல்லோருக்கும் ஆள் நேற்றே வேண்டும். உங்கள் ஆஃபர் லெட்டரில் மீதி நாளுக்குச் சம்பளம் கட்டிவிட்டு முன்கூட்டியே விலகலாம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றைக்கே அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தகடூரான்:
இருக்கிறது மேடம். நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில். எழுதிவிட்டேன்.