வயதானவர்களுக்கு எடைப் பயிற்சி: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கும்பகோணம், பிசியோதெரபிஸ்ட்:

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. காய்ச்சலோ நிமோனியாவோ, எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் பெரியவர்களைக் கட்டிலோடு வைத்துவிடுகிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே வரும். ஒரு மாதம் போனதும் "எழுந்திரிக்கவே முடியல சார், வயசாயிடுச்சு இல்ல" என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. போன மாதம் வரை வாசல் தெளித்துக் கோலம் போட்டவருக்கு ஒரே மாதத்தில் அவ்வளவு வயசு ஏறிவிடாது. கால் பலத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது அந்தக் கட்டில்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோய் இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், நிமோனியாவில் படுத்தவர்களுக்கு என்ன மிஞ்சும்?

திருவிடைமருதூர் பக்கம் ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர். கழிவறைக்குப் போக இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. "மருமவ எனக்கு இதெல்லாம் செய்யணுமா தம்பி" என்று அழுதார். நாற்காலியில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னேன். பழகப் பழக மடிப்பைக் குறைத்தேன். அப்புறம் அரை கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டி, உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டச் சொன்னேன். மகனுக்குப் பயம். "இந்த வயசுல வெயிட்டா சார்?"

பாஸ்டனில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். பேருக்குக் காலை ஆட்டும் பயிற்சி இல்லை. ஒருவரால் ஒருமுறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். இது வெளியானது 1990இல். இத்தனை வருடம் கழித்தும் நம் ஊரில் "ரெஸ்ட் எடுங்க" என்பதுதான் முதல் அறிவுரையாக இருக்கிறது!

ஃபியாடரோன் குழு 1994இல் நூறு பேரை வைத்து இன்னொரு ஆய்வை வெளியிட்டது. அதில் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. விலை உயர்ந்த பவுடரைக் கரைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுக்க வைக்கும் வீடுகளில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டி இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே கொல்லைப்புறம் போய் வருகிறார். நேரமாகிறதுதான், ஆனால் யாரும் தூக்க வேண்டியதில்லை.

திருப்பூர், மகள்:

எங்கள் அப்பா படுக்கையில் விழுந்தவர் இல்லை. தினமும் பார்க்கில் நடப்பார். ஒல்லியான உடம்பு, ஆனாலும் சுகர். "நடக்கிறேனே, போதாதா" என்பார். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்தார். தொடை அவ்வளவு மெலிந்திருந்தது.

சுகர் டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாப்பிட்ட பிறகு இன்சுலின் வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதானாம். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரை போக இடம் குறைகிறது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் இருவரைப் பற்றியும் சொன்னார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒரே 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு கூடுதலாக இருக்கலாம் என்பதற்காகச் சொன்னார். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இருவர் படத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

நடையை நிறுத்தவில்லை. கூடவே ரப்பர் பட்டை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் எழுந்து உட்காருவது. இட்லியோடு ஒரு முட்டை, சாயந்திரம் சுண்டல். மாத்திரை குறையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இப்போது தரையிலிருந்து ஒரு கையை ஊன்றித் தானே எழுந்துகொள்கிறார்.

மதுரை, மகன்:

அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். படிக்கும்போது ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

கும்பகோணம், பிசியோதெரபிஸ்ட்:

முதலில் இதய டாக்டரிடம் கேளுங்கள் தம்பி. அவர் சரி என்றால், சுவரை ஒட்டிப் போட்ட மர நாற்காலியில் ஆரம்பிக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் வெறும் வயிற்றில் வேண்டாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். பாஸ்டனில் அந்த முதியவர்கள் பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் பலம் 32 சதவீதம் இறங்கிவிட்டது. அம்மா ஐந்து முறை கையை ஊன்றாமல் எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். ஆசியர்களுக்கான 2019 வழிகாட்டுதலில் 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலவீனமா என்று பார்க்கச் சொல்கிறார்கள். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றாலும் எழுதுங்கள், ஜமக்காளத்தை எத்தனை மடிப்பு போடலாம் என்று சொல்கிறேன்.