மறு: ‘விசை ஈர்ப்பு’ வேண்டாம், அண்ணாச்சி

அண்ணாச்சி, வணக்கம்.

பழைய .22 ரைஃபிளின் ட்ரிக்கரைச் சீர்செய்யும் கட்டுரையின் மொழிபெயர்ப்புக்கு நீங்கள் போட்ட சொற்பட்டியலைப் பார்த்தேன். ரிம்ஃபயருக்கு ‘விளிம்புவெடி’ அருமை. பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது, ஊசியும் அந்த விளிம்பைத்தான் தட்டுகிறது. ஆனால் ட்ரிக்கர் புல்லுக்கு, அதாவது சுடுவதற்கு ட்ரிக்கரை எவ்வளவு அழுத்தி இழுக்க வேண்டும் என்பதற்கு, ‘விசை ஈர்ப்பு’ என்று போட்டிருக்கிறீர்களே, பள்ளிப் பிள்ளையிடம் காட்டினால் புவியீர்ப்பு விசையைத் திருப்பிப் போட்டிருக்கிறது என்று சொல்லும்.

‘விசை’யே இங்கே தொல்லை. ‘விசையை அழுத்தினான்’ என்று செய்தித்தாளில் வந்தால் குழப்பமில்லை. எவ்வளவு அழுத்தினால் சுடும் என்று பேசப்போனால் ‘விசையை இழுக்கத் தேவையான விசை’ என்றாகிவிடுகிறது. ‘குதிரை’யும் உதவாது, எங்கள் தாத்தா குதிரை என்றது மேலே இழுத்து வைக்கும் சுத்தியலை, விரல் வைக்கும் இடத்தை அல்ல.

என் பரிந்துரை ‘இழுபாரம்’. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. அளப்பதும் பாரமாகத்தானே? காலித் துப்பாக்கியில் வில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்து, விடுபடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். ‘10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் இழுபாரம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது’ என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

சியருக்குத் ‘தடுப்பான்’ எதற்கு? கதவுக்குக் கொண்டி இருக்கிறது, ட்ரிக்கரை இழுக்கும் வரை ஊசியைப் பிடித்து நிறுத்தும் இந்தத் துண்டும் கொண்டிதான். அது விடுபடுமுன் கரகரவென்று நகர்வது ‘அரக்கல்’. சட்டென்று விடுபடுவது ‘ஒடிவு’. ‘முறிவு’ என்றால் எலும்பு வார்டு நினைவு வருகிறது. பச்சை ஈர்க்கு வளைந்துகொண்டே போகும், காய்ந்தது பட்டென்று ஒடியும். நல்ல ட்ரிக்கர் காய்ந்த ஈர்க்கு.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை, நீங்கள் ‘அராவுதல்’ என்று போட்டிருப்பது. மூலத்தில் இருப்பது மெருகிடுதல். அராவு என்று படித்தவன் அரத்தைத்தான் எடுப்பான். கொண்டியில் பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டது, அது மிக மெல்லியது. அதைத் தாண்டினால் உள்ளே மெத்தென்ற இரும்பு, சீக்கிரம் தேய்ந்துவிடும். அப்புறம் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டை, வேகமாகச் சாத்தினாலே, துப்பாக்கியைத் தரையில் தட்டினாலே வெடிக்கலாம். கொண்டி பிடிக்கும் முகத்தின் கோணம் கொஞ்சம் மாறினாலும் இதே கதி.

எங்கள் தாத்தாவின் ரைஃபிள் ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வரும். ஒரு தடவை திரும்பி வந்தபோது விரல் வலிக்க இழுக்க வேண்டியிருந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரிடம் கொடுத்தோம். அவர் அரத்தைத் தொடவே இல்லை. உள்ளே பழைய கிரீஸ் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்திருக்கிறது. கழுவி, துளி எண்ணெய் விட்டுக் கொடுத்தார், பாதி அரக்கல் போய்விட்டது. ஆகவே கட்டுரையின் ‘வீட்டிலேயே’ என்பதைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தச் சொல்லுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நம் ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும்.

*

தம்பி, இழுபாரம் சரி, எடுத்துக்கொண்டேன். கொண்டியும் ஒடிவும் சரி. அராவுதல் என் தப்பு, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். ஆனால் அரக்கல் நம் பக்கம் செல்லும். மற்ற ஊர்க்காரர்கள் சீல் வைக்கிற அரக்கா என்று கேட்பார்கள். ‘நகர்வு’ போதாதா?

*

போதாது, அண்ணாச்சி. பஸ்ஸும் நகரும், மேகமும் நகரும். பீரோவை ‘அரக்கி வை’ என்றால் தரையில் உரசிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போவது காதிலேயே கேட்கிறது. ட்ரிக்கரில் விரல் உணர்வதும் அந்த உரசலைத்தான். வேண்டுமானால் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘அரக்கல், அதாவது உரசி நகர்தல்’ என்று போட்டுவிடுங்கள்.