வடசென்னையில் வீட்டுக் கணக்கெடுப்பு: வளர்ச்சிப் பொருளாதாரத்தில் கால்வைப்பவர்களுக்கு

வியாசர்பாடி:
பிஎச்டிக்கு முன்னால் ஓரிரு வருஷம் ஆராய்ச்சி உதவியாளராக இருப்பது இப்போது கிட்டத்தட்ட எழுதாத சட்டம். 2019இல் வறுமையைக் களப் பரிசோதனைகளால் ஆராய்ந்த பானர்ஜி, டூஃப்ளோ, கிரெமர் மூவருக்கும் பொருளாதார நோபல் வந்தபின் எல்லோருக்கும் ஆய்வு முடிவுமேல்தான் கண். வேலையில் பாதி கேள்வித்தாள்தான், அதை யாரும் சொல்வதில்லை. மாமியாரும் பக்கத்து வீட்டம்மாவும் நின்று கேட்கும்போது "கடன் இருக்கா?" என்றால் "இல்ல சார்"தான். தண்டல் (தினமும் வசூலிக்கும் கடன்), வாரக் குழு (வாரத் தவணைக் குழுக் கடன்), நகை அடகு, சீட்டு, கைமாத்து, மளிகைக்கடை பாக்கி என்று தனித்தனியாகக் கேளுங்கள். தண்டலுக்கு இரண்டு தொகை வேண்டும். பேச்சுக்கு 10,000, கைக்கு வந்தது 9,000, தினம் 100 வீதம் 100 நாள் என்று வையுங்கள். வட்டி 10% என்று பதிந்தால் போச்சு. அசல் தினமும் கரைவதால் ஆண்டுக் கணக்கில் 75 சதவீதத்தைத் தாண்டும்.

காசிமேடு:
வருமானமும் அப்படித்தான். விசைப்படகில் மாதச் சம்பளம் ஏது? ஏலத்தொகையில் டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மிச்சம்தான் பங்கு. கடைசியாகக் கடலுக்குப் போனது எத்தனை நாள், கைக்கு எவ்வளவு வந்தது, போன 30 நாளில் எத்தனை தடவை போனார் என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஒரு திட்டத்தின் பலனை அளக்க, கணக்கெடுப்பின் முதல் சுற்றை மார்ச்சிலும் அடுத்ததை மே மாதத்திலும் எடுத்து, ஒப்பீட்டுக் குழுவை (திட்டம் கிடைக்காதவர்களை) மீனவர் அல்லாத வீடுகளில் வைத்தால், நல்ல திட்டம்கூட வறுமையை வளர்த்த மாதிரித் தெரியும். ஃபைபர் படகுக்காரர்கள் தடைக்காலத்திலும் போவார்கள், அதனால் படகு வகையைப் பதியுங்கள். தடைக்கால நிவாரணத் தொகையைக் கேள்வித்தாளில் தனிக் கேள்வியாக வையுங்கள்.

தண்டையார்பேட்டை:
பதில்கள் சரியா என்ற மறுசரிபார்ப்புக்கு 10 சதவீத வீடுகளுக்கு வேறு ஆளை அனுப்புங்கள், கதவு எண் பழையது புதியது இரண்டையும் எழுதிக்கொடுத்து. இல்லையென்றால் வேறு வீட்டுக்குப் போய் "பொய்த் தகவல்" என்று அறிக்கை வரும். வீடு மாறிப்போகிறவர்களுக்காக உறவினர் போன் நம்பர் ஒன்றும் வாங்கிவையுங்கள். "தெரியாது"வுக்கு -999 என்று குறியீடு வைப்பது வழக்கம். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் அதை நீக்காமல் சராசரி எடுத்தால், சில வீடுகளே மொத்தக் கணக்கையும் கீழே இழுத்துவிடும். அன்றன்று வந்த தரவில் இந்தச் சோதனையை இரவே ஓட்டிப் பாருங்கள், மறுநாள் காலை அதே ஆளிடம் கேட்க முடியும்.

வியாசர்பாடி:
இன்னொன்று. உலக வங்கி 2025 ஜூனில் வறுமைக்கோட்டைத் தினம் 2.15 டாலரிலிருந்து 3 டாலராக்கியது. அதை இன்றைய டாலர் விலையால் பெருக்காதீர்கள். அது வாங்கும் திறன் டாலர் (நாட்டுக்கு நாடு விலை வித்தியாசத்தைச் சரிசெய்தது), 2021 விலையில்.