யாங்கோன் தாம்வே சொந்தங்கள் குழு: அண்ணன் எந்த பேட்டரி கொண்டுவருவது?

வெள்ளி, இரவு

நான்: அண்ணே, திஞ்சானுக்கு, பர்மியப் புத்தாண்டுக்கு, வருவது உறுதிதானே? பையில் இடம் இருந்தால் எனக்கு பேட்டரி டிரில் செட் ஒன்று வேண்டும். பணத்தை இங்கே பெரியம்மா கையில் கொடுத்துவிடுகிறேன்.

சிங்கப்பூர் அண்ணன்: இடம் இருக்கிறதுடா. எது வேண்டும் என்று சரியாகச் சொல். கடைச் சுவரில் 12, 18, 20, 40 வோல்ட் என்று வரிசையாகத் தொங்குகிறது. 18-ஐ விட 20 பெரிது, அதையே எடுத்துவிடவா?

சிரியம் மாமா: அவசரப்படாதே. 18-ம் 20-ம் ஒன்றுதான். இரண்டிலும் ஐந்து செல் தொடராக இருக்கும். செல்லுக்கு 3.6 வோல்ட், ஆக 18. முழு சார்ஜில் ஒரு செல் 4 வோல்ட்டைத் தாண்டும். அந்த நேரத்துக் கணக்கை வைத்துப் பெட்டியில் 20 என்று போட்டுவிடுகிறார்கள். 12 என்பதும் அப்படித்தான், மூன்று செல், 10.8. 40 என்றால் பத்து செல், 36.

பெகு மச்சான்: மாமா ஆரம்பித்துவிட்டார். இன்று யாருக்கும் தூக்கம் இல்லை.

சிரியம் மாமா: நீங்கள் தூங்குங்கள் மாப்பிள்ளை. கேட்டவனுக்குச் சொல்கிறேன். மருமகனே, உன்னிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

நான்: மகிட்டா கம்பெனியின் 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர் ஒன்று, ஸ்க்ரூ இறக்கும் மெஷின், பழையது. அதன் சொந்த பேட்டரி செத்துவிட்டது. போன வருடம் இங்கே ஒரு கடையில் அதற்குப் பொருந்தும் என்று ஒன்று வாங்கினேன். ‘18 வோல்ட், 12 ஆம்பியர் அவர்’ என்று ஒட்டியிருந்தது. ஆம்பியர் அவர் என்றால் எவ்வளவு கரெண்டைப் பிடித்து வைக்கும் என்ற அளவுதானே? நாலு கதவுக்குக் கீல் போடுவதற்குள் படுத்துவிடுகிறது.

சிரியம் மாமா: 12-ஆ? கீழே வெங்காயக் கடையில் தராசு இருக்கும், காலையில் அதை எடுத்துப் போய் நிறுத்துப் பார். மீதியை அப்புறம் சொல்கிறேன்.

பெரியம்மா: எனக்குக் கோடாலித் தைலம் மறக்காதே. பெரிய பாட்டில்.

சிங்கப்பூர் அண்ணன்: சரி அம்மா.

சனி, காலை

நான்: மாமா, நிறுத்தாயிற்று. கால் வீசைக் கல் வைத்தால் கல் பக்கம் இறங்குகிறது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

சிரியம் மாமா: பர்மா கால் வீசை 408 கிராம். உன்னுடையது அதற்கும் கீழே. நல்ல 5 ஆம்பியர் அவர் பேட்டரி 600 கிராமுக்கு மேல் இருக்கும். உள்ளே இருக்கும் செல் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், ஒன்று 45 கிராமுக்குக் குறையாது. பத்து செல் இரண்டு வரிசையாக இருந்தால்தான் 5, 6 வரும். உன்னுடையதில் ஒரே வரிசை, ஐந்து செல். நிஜத்தில் 2 கிடைத்தாலே பெரிது. அந்தக் கூட்டுக்குள் 12 அடைக்க இடமே கிடையாது. எண்ணைப் பார்த்து வாங்கினாய், எடையைப் பார்த்திருக்க வேண்டும்.

பெகு மச்சான்: மச்சான், அதை உடைத்துப் பார்த்து வீடியோ போடு.

சிரியம் மாமா: உடைக்காதே! லித்தியம் செல்லில் ஆணியோ கத்தியோ இறங்கினால் தீப்பிடிக்கும். தூர வை.

சிரியம் மாமா: இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் அந்த இம்பாக்ட் டிரைவர் இருப்பதால் அதே 18 வோல்ட் வரிசையிலேயே நில். பேட்டரி இல்லாத வெறும் டிரில் தனியாகக் கிடைக்கும், அதை எடு. காசை பேட்டரியிலும் சார்ஜரிலும் போடு. இன்றைக்கு டிரில், நாளைக்கு ரம்பம், அடுத்து லைட், எல்லாம் அதே பேட்டரியில் ஓடும். வேறு கம்பெனி மலிவு என்று போனால் இரண்டு சார்ஜர் சுமக்க வேண்டும். ஒரே கம்பெனியிலேயே மகிட்டா 40 வோல்ட் கருவியில் 18 பேட்டரி ஏறாது. பாஷில் கூட நீல நிறக் கருவியின் பேட்டரி பச்சைக் கருவிக்குப் போகாது.

பெகு மச்சான்: அண்ணே, எனக்கு 40 வோல்ட் கிரைண்டர் ஒன்று. கேட் வேலைக்கு ஜெனரேட்டரை இழுத்து இழுத்து முதுகு போய்விட்டது.

சிரியம் மாமா: மாப்பிள்ளை, கணக்கு போடுங்கள். 18 பெருக்கல் 5, 90 வாட் அவர், பேட்டரியில் இருக்கும் மொத்த சக்தி அவ்வளவுதான். 700 வாட் இழுக்கும் கிரைண்டரை அழுத்தி ஓட்டினால் ஏழு, எட்டு நிமிடத்தில் பேட்டரி காலி. 40 வோல்ட்டில் 4 ஆம்பியர் அவர் வாங்கினாலும் 36 பெருக்கல் 4, 144 வாட் அவர்தான், பன்னிரண்டு நிமிடம். ஏணி மேல் நின்று ஒரு கம்பி வெட்ட அது நல்லது. நாள் முழுக்க வெல்டிங் பிசிறு தேய்க்க வயர் வைத்த கிரைண்டர்தான்.

பெகு மச்சான்: முதுகு முதுகாகவே இருக்கட்டும் என்கிறீர்கள்.

நான்: மாமா, பிரஷ்லெஸ் என்று போட்டது விலை கூட. வேண்டுமா?

சிரியம் மாமா: எடு. மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, அது தேய்ந்து மாற்றும் வேலை இல்லை, அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். கரெண்டு வந்து வந்து போகும் ஊரில் அதற்குக் காசு கொடுக்கலாம். இருள் மரத்தில் ஸ்க்ரூ இறக்கும்போது மட்டும் முதலில் துளை போட்டுவிட்டு இறக்கு. அந்த மரம், பர்மாக்காரன் சொல்லும் பியின்கடோ, எந்த பேட்டரிக்கும் இரக்கம் காட்டாது.

சிங்கப்பூர் அண்ணன்: சார்ஜர் எது? வேகமானது, சாதாரணம் என்று இரண்டு வைத்திருக்கிறான்.

நான்: எங்கள் தெருவில் கரெண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது அண்ணே. வந்த நேரத்தில் ஏற்றிவிட வேண்டும்.

சிரியம் மாமா: அப்படியென்றால் வேகமானது. 5 ஆம்பியர் அவர் பேட்டரி அதில் 45 நிமிடம், சாதாரணத்தில் 110 நிமிடம். இரண்டு மணி நேரம் கரெண்டு இருந்தால் அதில் இரண்டு பேட்டரி முடித்துவிடலாம். 230 வோல்ட் என்று அடியில் எழுதியிருக்கிறதா பார். நான் ஒரு முறை ஜப்பானில் இருந்து வந்த பழைய சார்ஜரை மலிவாக எடுத்தேன். அங்கே 100 வோல்ட். சொருகிய உடனே புகை. அத்தை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பெகு மச்சான்: ஜெனரேட்டரில் சொருகினால் ஆகாதா? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

சிரியம் மாமா: செய்கிறார்கள், சார்ஜரும் சாகிறது. ஜெனரேட்டரில் போடாதே என்று மகிட்டா சார்ஜரோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கிறது. வோல்ட் ஏறி இறங்கும். மலிவு இன்வெர்ட்டரும் அப்படித்தான், அலை சதுரமாக வரும். அலை வளைவாக வரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் போடலாம். 12 வோல்ட் கார் பேட்டரியில் இருந்தே ஏற்றும் சார்ஜரும் அவர்களிடம் உண்டு, டிசி18எஸ்இ என்று பெயர். அண்ணன் விலை கேட்டுப் பார்க்கட்டும்.

நான்: அப்புறம் இந்த வெயிலில் சார்ஜர் சிவப்பு மின்னிக்கொண்டே நிற்கிறது, ஏற மறுக்கிறது.

சிரியம் மாமா: பேட்டரி சூடு. ஆறியதும் தானே ஏறும். சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னினால்தான் கவலை, முனையில் அழுக்கு அல்லது பேட்டரி முடிந்தது. தகரக் கூரைக்குக் கீழே வைக்காதே. முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. இதற்கு பாதியில் ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது, காலியாகவே மாதக்கணக்கில் கிடந்தால்தான் சாகும். மழைக்காலம் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் எடுத்து வை.

பெரியம்மா: இவ்வளவு பேட்டரியோடு விமானத்தில் விடுவார்களா?

சிங்கப்பூர் அண்ணன்: அதைத்தான் நானும் கேட்க வந்தேன்.

சிரியம் மாமா: அக்கா சரியாகப் பிடித்தாய். தனி பேட்டரி பெரிய பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட் அவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம், அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியைக் கேட்க வேண்டும், அதுவும் இரண்டுதான். 5 ஆம்பியர் அவர் 90, தப்பித்தது. 6 எடுத்தால் 108, வாசலில் நிற்பாய். எதற்கும் முதலிலேயே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்.

நான்: அப்போ 5-ல் இரண்டு, 2-ல் ஒன்று அண்ணே. சீலிங் வேலைக்கு 2 போதும், கை வலிக்காது.

ஞாயிறு, மாலை

சிங்கப்பூர் அண்ணன்: வெறும் டிரில், 5-ல் இரண்டு, 2-ல் ஒன்று, வேக சார்ஜர் வாங்கியாயிற்று. அடியில் 220–240 என்று இருக்கிறது. கடைத் தராசில் வைத்தேன், 5 ஆம்பியர் அவர் ஒன்று 600-க்கு மேல். கடைக்காரி சிரித்தாள்.

சிரியம் மாமா: சிரிக்கட்டும். முனைகளில் டேப் ஒட்டி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடு. சாவிக்கொத்து பக்கத்தில் இருக்கக் கூடாது.

பெரியம்மா: தைலம்?

சிங்கப்பூர் அண்ணன்: வாங்கிவிட்டேன் அம்மா. அது பெரிய பெட்டியில்.