எரின் புயல் 200 மைல் தள்ளித்தான் போகிறதாம். நாங்கள் வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுக்கரையில் இருக்கிறோம், கிளம்பணுமா?

கேரி_பாண்டியன் (திங்கள் இரவு, 18 ஆகஸ்ட் 2025)

வணக்கம். கேரியிலிருந்து சனிக்கிழமை நாக்ஸ் ஹெட் வந்தோம். நானும் மனைவியும், ஆறு வயதுப் பையன், தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிற அம்மா அப்பா. வரும் சனிக்கிழமை வரை வீடு வாடகைக்கு எடுத்தாச்சு, மார்ச்சிலேயே முழுப் பணமும் கட்டியாச்சு. இன்றைக்கு வெயில் பளீரென்று அடிக்கிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனால் தெற்கே ஹாட்டரஸ் தீவிலும் ஓக்ரகோக்கிலும் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு அப்படி உத்தரவு எதுவும் இல்லை. புயல் கரைக்கே வராது, 200 மைல் தள்ளி வடக்கே திரும்பிவிடும் என்று எல்லா வரைபடமும் சொல்கிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு கலவரம்? அப்பா வேறு, "நான் பார்க்காத கடலா" என்று தினமும் துண்டோடு கிளம்பிவிடுகிறார். இருப்பதா, போவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சார்லட்_மச்சான் (திங்கள் இரவு)

டிவிக்காரனுக்கு வேறு வேலை இல்லை, வருஷா வருஷம் இதே கதைதான். 200 மைல் என்பது சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கிற தூரம். சென்னையில் மழை பெய்தால் திருச்சியில் குடை பிடிப்பீர்களா? கட்டின காசுக்கு அனுபவித்துவிட்டு வாருங்கள். அலை பெரிசா வந்தால் பையனுக்கு இன்னும் ஜாலிதான்.

குளச்சல்காரன் (செவ்வாய் காலை)

மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொன்னதில் கடைசி வரிதான் ஆளைக் கொல்லும் வரி.

காற்றும் மழையும்தான் 200 மைல் தள்ளிப் போகிறது. கடல் தள்ளிப் போகவில்லை. எரின் சனிக்கிழமை உச்சமான ஐந்தாம் நிலைக்குப் போய் மணிக்கு 160 மைல் காற்று அடித்த புயல். அது அங்கே கிளப்பிய அலை புயலைவிட வேகமாக ஓடி, அதற்கு முன்பே கரைக்கு வந்துவிடும். நீங்கள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் மாறிக்கொண்டிருக்கிறது. நேற்று ஒரே நாளில் உங்கள் மாநிலத்திலேயே ரைட்ஸ்வில் பீச்சில் குறைந்தது 60 பேரைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். புயல் அப்போது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பாருங்கள்.

எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் இதற்குப் பேரே உண்டு, கள்ளக்கடல். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த காற்றின் அலை திருடன் மாதிரி வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் மூழ்கிச் செத்தது அப்படித்தான், அன்றைக்கும் எச்சரிக்கை இருந்தது. அட்லாண்டிக்கிலும் இதே கதை உண்டு. 2019இல் லோரன்சோ என்ற புயல் அமெரிக்காவுக்கு ஆயிரம் மைலுக்கும் அப்பால் அசோர்ஸ் தீவுகள் பக்கமாகப் போனது, ஆனாலும் இந்தக் கரையில் 8 பேர் இழுப்பில் சிக்கிச் செத்தார்கள்.

அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சாதாரண நாளில் ஏழெட்டு விநாடிக்கு ஒரு அலை வரும். இந்த மாதிரி தூரத்து அலை பதினைந்து விநாடிக்கு ஒன்று வரும், பார்க்க சாதுவாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் சுமந்து வருகிற தண்ணீர் பல மடங்கு. அதிலும் பத்து நிமிஷம் கடல் சும்மா கிடக்கும், "பரவாயில்லையே" என்று இறங்குவீர்கள், அப்போதுதான் நாலைந்து பெரிசாக வரிசையாக வரும். வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும் இல்லையா? தண்ணீருக்கு அடியில் இருக்கிற மணல் திட்டு எங்கே உடைந்திருக்கிறதோ அந்தச் சந்து வழியாக ஆறு மாதிரி பாயும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரியும். ஊரெல்லாம் அலை அடிக்க அங்கே மட்டும் அடிக்கவில்லையே என்று குழந்தையை அங்கேதான் கூட்டிப்போவார்கள். சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, மிதந்து கையை ஆட்டணும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தணும். காப்பாற்றப் போகிறவர்தான் பல தடவை போய்ச் சேருகிறார், அதனால் வெறுங்கையோடு குதிக்காதீர்கள், மிதக்கிற எதையாவது வீசுங்கள்.

தூத்துக்குடிக் கடலுக்கு முன்னால் இலங்கை மறைப்பாக நிற்கிறது, தீவுகளும் பவளப்பாறையும் வேறு. ஹாட்டரஸ் முனைக்கு முன்னால் ஆப்பிரிக்கா வரை ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே கடல் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மணல்மேடு (செவ்வாய் காலை)

குளச்சல்காரர் சொன்னதற்கு மேல் அலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சாலையைப் பற்றிச் சொல்கிறேன், பத்து வருஷமாக அந்தப் பக்கம் போய்வருகிறவன்.

ஹாட்டரஸைக் காலி பண்ணச் சொன்னதற்குக் காரணம் காற்று இல்லை, ரோடு. அங்கே இருப்பது என்.சி. 12 என்ற ஒற்றைச் சாலை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாம்லிகோ உப்பங்கழி, சில இடத்தில் இரண்டுக்கும் நடுவில் கல் எறிகிற தூரம்தான். மணல் மேட்டைக் கடல் உடைத்தால் ரோடு மணலுக்குள் போய்விடும், ஆம்புலன்ஸ்கூட வராது. ஓக்ரகோக்குக்கு ஃபெர்ரியை விட்டால் வழியே கிடையாது. 2019இல் டோரியன் புயல் வந்தபோது அந்தத் தீவை மூழ்கடித்தது கடல்கூட இல்லை, பின்பக்கத்து உப்பங்கழி. காற்று முதலில் தண்ணீரை எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது, காற்று திரும்பியதும் அத்தனையும் மொத்தமாகத் திரும்பி வந்தது, சில இடத்தில் 7 அடி. அதனால் "நாங்கள் கடலைப் பார்த்த வீட்டில் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

நீங்கள் இருக்கிற நாக்ஸ் ஹெட்டுக்கு வெளியேற இரண்டு வழி இருக்கிறது, வடக்கே ரைட் மெமோரியல் பாலம், மேற்கே ரோனோக் தீவு வழியாக 64ஆம் நம்பர் நெடுஞ்சாலை. அதனால்தான் உங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். போவதென்றால் புதன் மதியத்துக்குள் போய்விடுங்கள், இரவில் வயதானவர்களை வைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிற ரோட்டில் ஓட்ட வேண்டாம்.

பணம் பற்றி: வட கரோலினா சட்டப்படி கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தால் தங்காத நாட்களுக்கு வாடகை திரும்பக் கிடைக்கும். ஆனால் வீடு பிடிக்கும்போது பயண இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டு நீங்கள் வேண்டாம் என்றிருந்தால் கிடைக்காது. இப்போது புதிதாக வாங்கவும் முடியாது, புயலுக்குப் பேர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குச் செல்லாது.

வீடு கடலிலிருந்து எத்தனையாவது வரிசை? கார் எங்கே நிற்கிறது?

கேரி_பாண்டியன் (செவ்வாய் மதியம்)

மூன்றாவது வரிசை. வீடு தூண் மேல் நிற்கிறது, கார் அதற்கு அடியில். இன்ஷூரன்ஸ்... அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று டிக் அடித்தது நான்தான். மனைவிக்கு இன்னும் தெரியாது, இதை அவள் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன். எப்படியும் உத்தரவு வராதபோது அதுவும் கணக்கில் இல்லை.

மணல்மேடு (செவ்வாய் மதியம்)

மூன்றாவது வரிசை என்றால் இருக்கலாம், நான் இருப்பேன். ஆனால் காரை உடனே பைபாஸுக்கு அந்தப் பக்கம், கடலை விட்டுத் தள்ளி மேடான இடத்தில் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் டயர் பாதி ஏறினாலே பிரேக்கும் வயரும் அரித்துப்போகும், அது இன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும். வெளியே கிடக்கிற நாற்காலி, குப்பைத் தொட்டி, பையனின் மிதவை எல்லாம் உள்ளே. அம்மா அப்பா மாத்திரை, குடிதண்ணீர், போன் சார்ஜ். புதன் இரவு கடல் மட்டம் ஏறுகிற உயர் ஓத நேரத்தில் யாரும் கடற்கரைப் பக்கம் போகவே கூடாது. செல்ஃபி எடுக்கப் போகிறவன் யாராவது உங்களைக் கூப்பிடுவான், போகாதீர்கள்.

கேரி_பாண்டியன் (வெள்ளி, 22 ஆகஸ்ட்)

தங்கிவிட்டோம், எல்லாரும் நலம். மழை பேருக்குத்தான் பெய்தது. ஆனால் புதன் இரவு அந்தச் சத்தம்! அலை ஒவ்வொன்றும் விழும்போது தூண் வழியாக வீடு லேசாக அதிர்ந்தது, மேசைமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக வந்தது. பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று மதியம் போய்ப் பார்த்தால், முன் வரிசை வீட்டின் மரப்படி பாதி காணோம், மீதி அந்தரத்தில் தொங்குகிறது. மணல் மேட்டைக் கத்தியால் வெட்டின மாதிரி ஆளுயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. ஹாட்டரஸ் பக்கம் 12ஆம் நம்பர் ரோட்டைக் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

அப்பா ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "இது நம்ம கடல் இல்லப்பா" என்றார். துண்டு இன்னும் கொடியில்தான் கிடக்கிறது.

குளச்சல்காரன் (வெள்ளி)

சந்தோஷம். அந்தச் செங்குத்து மணலுக்கு அடியில் பையனைக் குழி தோண்ட விடாதீர்கள், அப்படியே சரிந்து மூடும். செருப்பில்லாமலும் நடக்க வேண்டாம், உடைந்த படியின் ஆணி எல்லாம் மணலுக்குள்தான் இருக்கும். வெயில் வந்துவிட்டது என்று தண்ணீரிலும் இறங்கிவிடாதீர்கள், புயல் போன பிறகும் இரண்டு மூன்று நாள் இழுக்கும்.

கேரி_பாண்டியன் (வெள்ளி)

சிவப்புக் கொடி இன்னும் பறக்கிறது. நாளைக் காலை கிளம்புகிறோம். இன்ஷூரன்ஸ் விஷயம் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.