காதுகுத்துப் பத்திரிகையில் தம்பியை எப்படிப் போடறது?

வைகைக்கரை அக்கா:
வர்ற ஆவணியில மதுரை பாண்டி கோயில்ல என் மகளுக்கு மொட்டை, காதுகுத்து. மூணு வயசு. எனக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, திருநம்பி; பொறந்தப்ப பொண்ணுன்னு சொன்னாங்க, ஆனா அவன் ஆண். பேரு மாத்தி நாலு வருசமாச்சு. சொந்தமா மெக்கானிக் ஷெட் வச்சிருக்கான். பாப்பாவுக்குப் பேச்சு வந்த நாள்லருந்து அவன் 'மாமா'தான். வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவா.

பெரியப்பா, "மாமன் மடிக்கு ஆம்பள வேணும், என் மகன் உக்காரட்டும்"ங்கறார். அச்சகத்துலருந்து வந்த மாதிரியில தம்பிக்குப் பழைய பேரு, பக்கத்துல 'சித்தி'. அவன் பார்த்தான். ஒண்ணும் பேசாம மடிச்சு டிவி பக்கத்துல வச்சுட்டு, சாப்பிடாமப் போயிட்டான்.

போன வருசம் ஒரு பத்திரிகை அவன் ஷெட்டைப் பத்தி எழுதுச்சு. தலைப்புலயே பழைய பேரு, கூடவே யூனிஃபார்ம்ல சின்ன வயசுப் படம். அந்தத் துண்டைத்தான் பெரியப்பா இப்ப காட்டுறார்: "பேப்பர்லயே அப்படித்தானே போட்டிருக்கான்!"

என்ன பதில் சொல்றது?

பழைய துணை ஆசிரியர்:
அந்தப் பேப்பர் செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. நானும் அந்தத் தொழில்ல இருந்தவன். திருநர் சமூகத்தை மரியாதையாக் குறிக்க எந்தச் சொல்லை எழுதணும்னு, உயர் நீதிமன்ற வழக்கை ஒட்டி தமிழக அரசு 2022 ஆகஸ்ட்ல அரசிதழ்லயே பட்டியல் வெளியிட்டிருக்கு. ஆசிரியருக்கு எழுதுங்க. அச்சுல வந்ததை அழிக்க முடியாது, இணையத்துல இருக்கிறதைத் திருத்தலாம்.

நெல்லைக்காரன்:
நானும் திருநம்பிதான் அக்கா. எங்க அக்கா கல்யாணத்துல என்னைச் சேலை கட்டி நிக்கச் சொன்னாங்க. மண்டபத்துக்கே போகல. அந்த ஆல்பத்தை இன்னிக்கும் என்னால பார்க்க முடியல.

பெரியப்பா 'ஆபரேஷன் ஆச்சா'ன்னு ஆரம்பிச்சா, ஒருத்தர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம், அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2014லயே சொன்னதைச் சொல்லுங்க. ஆனா முதல்ல தம்பியைக் கேளுங்க. கூட்டத்துக்கு நடுவுல உக்கார அவருக்கு மனசு இருக்கா?

வைகைக்கரை அக்கா:
நேத்து ஷெட்டுக்கே போய்க் கேட்டேன். கிரீஸ் கையைத் துடைச்சுட்டு டிராயரைத் திறந்தான். சின்ன நகைப்பெட்டி, உள்ள சிவப்புக்கல் தோடு. சித்திரையிலயே எடுத்து வச்சிருக்கான். "சீர்த்தட்டு எத்தனைக்கா வைக்கணும்?"னான்.

'தாய்மாமன்'னு திருத்தி அச்சகத்துக்கு அனுப்பிட்டேன். பெரியப்பாவுக்கு முதல் பத்திரிகையை நானே கொண்டு போறேன்.