மறு: டார்க் மேட்டருக்கு என்ன சொல்? கரும்பொருள் மட்டும் வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா மெயில் பக்கம் வரல, இன்னைக்கு திறந்தா, நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு டார்க் மேட்டருக்கு (ஒளியில சிக்காம, ஈர்ப்பால மட்டுமே இருக்குன்னு தெரியவர்ற பொருள்) தமிழ்ச் சொல் தேடற இந்த ஒரு இழையில மட்டும் பதினேழு மெயில் வந்து கிடக்கு. முழுசா படிச்சுட்டேன். நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

> கருந்துளை நிலைச்சிடுச்சு, அதே வழியில கரும்பொருள்னு போயிடலாமே

ஐயா கோவிச்சுக்காதீங்க, வந்த அஞ்சு சொல்லுல எனக்கு ஆகவே ஆகாதது இதுதான். கரும்பொருளுக்கும் கருப்பொருளுக்கும் நடுவுல ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினவங்க கண்ணுக்கு அது கருப்பொருளாத்தான் தெரியும். போன வருஷம் ஒரு சின்ன பத்திரிகைக்கு நான் எழுதிக்கொடுத்த கட்டுரையில மெய்ப்பு பாத்தவர் ஒண்ணு விடாம எல்லாத்தையும் திருத்திட்டாரு, அதனால "கேலக்ஸிக் கொத்தின் எடையில் பெரும்பகுதி கருப்பொருளே" அப்படின்னு அச்சாகி வந்துச்சு. ஏதோ குறிஞ்சித் திணைக்கு தினையும் மயிலும் சொல்ற மாதிரி. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், சொல்லு அப்படி.

இன்னொண்ணு, கருந்துளை ஒளியை முழுங்கிடும், கருப்புன்னாலே ஒளியை உறிஞ்சுறதுதானே, கருப்புச் சட்டை போட்டுட்டு வெயில்ல நின்னா சுடுறது அதனாலதான். டார்க் மேட்டர் உறிஞ்சுறதும் இல்ல, திருப்பி அனுப்புறதும் இல்ல, ஒளி பாட்டுக்கு நேரா ஊடால போயிடும். ரெண்டுக்கும் ஒரே "கரு" போட்டா, கருந்துளைக்குள்ள இருக்கற சரக்குதான் கரும்பொருள் போலன்னு பசங்க நினைச்சுக்குவாங்க.

> ஒளிராப் பொருள்னு வச்சா அதோட இயல்பைச் சொல்லுதே

அக்கா, 1933-ல இது ரொம்பச் சரியான சொல்லா இருந்திருக்கும். ஃப்ரிட்ஸ் ஸ்விக்கிங்கற வானியலாளர் கோமா கொத்தைப் பாத்தாரு, ஆயிரத்துக்கு மேல கேலக்ஸி (பெரிய நட்சத்திரக் கூட்டம்) இருக்கற கொத்து அது. கண்ணுக்குத் தெரியற நட்சத்திர வெளிச்சத்தை வச்சு எடை போட்டா உள்ள இருக்கற கேலக்ஸிங்க நொடிக்கு 80 கிலோமீட்டர் மாதிரி வேகத்துலதான் அலையணும், ஆனா அளந்து பாத்தா 1000 கிலோமீட்டர் வருது. அந்த வேகத்துக்கு கொத்து எப்பவோ சிதறிப் போயிருக்கணும், போகல, அப்ப புடிச்சு வச்சிருக்கறது எது? 400 மடங்கு கூடுதல் பொருள் வேணும்னு கணக்கு போட்டு, ஜெர்மன்ல எழுதின அந்தக் கட்டுரையில "இருண்ட பொருள்"ங்கற அர்த்தம் வர்ற பேரையே எழுதினாரு. அன்னைக்கு அவர் மனசுல இருந்தது ஏதோ ஒளிராம கிடக்கற சாதாரண சரக்குதான். 400 மடங்குங்கறதும் நிக்கல, அப்போதைய தூரக் கணக்கே தப்பு, அண்டம் விரியற வேகத்தைச் சொல்ற ஹப்பிள் மாறிலியை 558-னு எடுத்திருந்தாரு, இப்ப 70 பக்கம்.

இதுல தமிழுக்கு சிக்கல் எங்கன்னா, 1970-கள்ல எக்ஸ்ரே செயற்கைக்கோள் வந்தப்புறம் கொத்து முழுக்க கிட்டத்தட்ட 10 கோடி டிகிரி சூட்டுல வாயு நிரம்பிக் கிடக்கறது தெரிஞ்சுது. கண்ணுக்குத் தெரியற ஒளியில அது மினுங்காது, ஆனா நட்சத்திரங்க எல்லாத்தையும் சேர்த்து நிறுத்தாலும் அதைவிடப் பல மடங்கு கனம். அதுவும் ஒளிராப் பொருள்தானே? ஆனா அது நம்ம வீட்டு ஹைட்ரஜன் ஹீலியம், டார்க் மேட்டர் கிடையாது. கொத்தோட எடையை நூறு ரூபான்னு வச்சுக்கிட்டா ஏறத்தாழ 85 ரூபா டார்க் மேட்டர், 13 ரூபா இந்த வாயு, மிச்ச சில்லறைதான் நட்சத்திரம். ஒளிராப் பொருள்னு எழுதினா அந்த 13 ரூபாயும் 85 ரூபாயும் ஒரே பையில விழுந்துடும்.

மறைபொருள் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, கூகுள்ல அடிச்சா வேதாந்தம்தான் வரும். அருவப்பொருளும் அப்படியே, நேரா சைவ சித்தாந்தத்துல கொண்டுபோய் விட்டுடும்.

சரி என் யோசனைக்கு வரேன். புல்லட் கொத்து படம் பாத்திருப்பீங்க, இளஞ்சிவப்பும் நீலமுமா இருக்குமே அது. ரெண்டு கொத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு பாய்ஞ்சு வெளிய வந்திருக்கு. வாயுவும் வாயுவும் முட்டி, உரசி, வேகம் கொறைஞ்சு நடுவுல தேங்கிடுச்சு, அது இளஞ்சிவப்பு. அதை எக்ஸ்ரேயில எடுத்தது சந்திரா தொலைநோக்கி, நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர் பேர்ல உள்ளது. ஆனா பின்னாடி தூரத்துல இருக்கற கேலக்ஸிங்களோட வடிவம் எப்படி வளைஞ்சு தெரியுதுன்னு பாத்து எடை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. கண்ணாடி டம்ளரோட அடிப்பக்கம் வழியா பேப்பர் படிச்சா எழுத்து கோணலாகுமே, கோணலை வச்சே டம்ளர் எங்க இருக்குன்னு சொல்லிடலாம்ல, அந்த வேலைதான். எடை வாயு கிட்ட இல்ல, அதைத் தாண்டி ரெண்டு பக்கமும் கேலக்ஸிங்களோடயே போயிருந்துச்சு, அதுதான் நீலம். 2006-ல வந்த முடிவு. டார்க் மேட்டர் வாயு மேலயும் முட்டல, எதிர்ல வந்த டார்க் மேட்டர் மேலயும் தெரியற அளவுக்கு முட்டல, தாமரை இலைத் தண்ணி மாதிரி ஒட்டாம போயிடுச்சு. ஈர்ப்புக்கு மட்டும்தான் கட்டுப்படுது.

அதனால "ஒட்டாப்பொருள்"னு வச்சேன். ரெண்டு நாள் பெருமையா இருந்தேன். வீட்டுல சொன்னா "என்னங்க, தோசைக்கல்லா?"ன்னாங்க. அதோட போச்சு. இப்ப அந்தச் சொல்லை நான் எழுதும்போதே எனக்கு நான்ஸ்டிக் தவா ஞாபகம் வருது.

கடைசியில நான் வந்து நிக்கறது இருட்பொருள். இருள்+பொருள், அருட்பா மாதிரி ட் வரும், இருள்பொருள்னு பிரிச்சு எழுதுறவங்க எழுதட்டும், தேடும்போது ரெண்டும் சிக்கணும். "இருண்ட பொருள்"ல இருக்கற "இருண்ட" ஏதோ முன்னாடி வெளிச்சமா இருந்து அப்புறம் இருண்டுபோன மாதிரி தொனிக்குது, அது இதுல இல்ல. கருந்துளையோட குழம்பாது. அண்டம் விரியறதை வேகப்படுத்துதுன்னு சொல்ற டார்க் எனர்ஜிக்கு இருளாற்றல்னு கூடவே அமையுது.

குறை இல்லாம இல்ல. ஒரு பள்ளிக்கூடத்துல பேசப் போனப்ப ஏழாவது படிக்கற பையன் எழுந்து, "சார், இருட்டா இருந்தா டார்ச் அடிச்சா தெரியுமா?"ன்னு கேட்டான். தெரியாதுப்பா, டார்ச் வெளிச்சம் அது வழியா அப்படியே போயிடும்னேன். "அப்ப இருட்டு இல்லையே சார், கண்ணாடி மாதிரில்ல"ன்னான். அவன் சொன்னதுதான் சரி, ஆனா அந்தத் தப்பு ஸ்விக்கி காலத்துலேர்ந்து எல்லா மொழியிலயும் இருக்கு, தமிழ் மட்டும் அதை ஒத்தையா சரிபண்ணப் போனா ஒட்டாப்பொருள் கதைதான் ஆகும். பட்டியல்ல சொல்லுக்கு எதிர்ல "ஒளியை உமிழாது, உறிஞ்சாது, சிதறடிக்காது, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படுவது"ன்னு ஒரு வரி போட்டுடலாம்.

எதிர்ப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, இல்லேன்னா நான் பட்டியல்ல ஏத்திடுவேன்.

அடுத்து ஒரு தலைவலி காத்திருக்கு. டார்க் மேட்டர் ஹேலோ, அதாவது கேலக்ஸியைச் சுத்திப் பரவிக் கிடக்கற டார்க் மேட்டர். ஹேலோவுக்கு நம்ம பட்டியல்ல ஏற்கனவே "ஒளிவட்டம்"னு இருக்கு, சேர்த்தா இருட்பொருள் ஒளிவட்டம்னு வருது! கூடு, போர்வை ரெண்டும் தோணுச்சு. கேலக்ஸி அதுக்குள்ள உக்காந்திருக்கறதால கூடு பரவாயில்லன்னு படுது, ஆனா வட்டமா பரவி ஓரத்துல மெலிஞ்சு போறதை கூடு சொல்லல. வேற ஏதாவது இருந்தா போடுங்க.